பெரட்டுக்குக் கூப்பிட்டது யார்?

ஒலிப்பதிவுக் கருவியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தக் கருவிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷி பேச்சைத் திடீரென்று நிறுத்திவிட்டு, "இத அழிச்சிரு" என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று. நான் பயந்த சுபாவம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டதால் வந்த பயமா, பிறக்கும்போதே கூட வந்ததா, தெரியாது. ஒரு வீட்டுக்குப் பேட்டி எடுக்கப் போனால் என் பையில் இரண்டு கருவி, மாற்று பேட்டரி, அதற்கும் மாற்று, நாய்க்கு ரொட்டித் துண்டு எல்லாம் இருக்கும். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அப்படிப்பட்டவளே இத்தனை ஆண்டுகள் இதில் இருந்துவிட்டாள் என்றால் நீங்களும் இருக்கலாம். பயம் இருக்கட்டும். பயந்தவள்தான் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன் இன்னொரு தரம் யோசிப்பாள்.

நாம் சேகரிப்பது, ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களின் கதையை. பர்மா வரைக்கும் காட்டை அறுத்து ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். செத்தவர்களின் கதையைக் கேட்கத்தான் எல்லோரும் இதில் சேருகிறோம். அவர்களை லோரியில் ஏற்றிவிட்டவர்களின் கதையையும் கேட்காமல் இந்த வேலை முடியாது என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் புரியும். அது புரியும் நாளில் சிலர் விலகிவிடுவார்கள். விலகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

லாபு பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ரப்பர் பால் தந்த கித்தா மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகு காலமாகிவிட்டது. வரிசை வீடுகளான லயங்களில் பாதி காலி. ஆனால் கோயில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு தகரக் கூரை மண்டபம் இருக்கிறது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு ஆடி அமாவாசையன்று கோயில் மரத்தடியில் படையல் போடுவார்கள். நீலாயிலும் சிரம்பானிலும் குடியேறிவிட்ட பிள்ளைகள்கூட அன்று வந்து இறங்குவார்கள்.

அந்தப் படையலில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் ஒருவர் "இருக்கோம்" என்று பதில் சொல்லி இலைக்கு முன்னால் தண்ணீர் விடுவார். பதில் சொல்ல வீட்டில் ஒருவரும் மிச்சமில்லாத பெயர்களைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் போனால் அது ஆகாது என்று ஒரு பயம். அதனால் குடும்பத்தோடு அழிந்தவர்களின் பெயர்கள் படையலிலிருந்தும் விழுந்துபோயின. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அங்கே முதன்முதலாகப் போனபோது வயதானவர்களை எல்லாம் மண்டபத்தில் ஒன்றாக உட்காரவைத்தோம். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார், எல்லோருக்கும் ஒரே இடத்தில் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து மரியாதை செய்த மாதிரியும் இருக்கும் என்பது எங்கள் கணக்கு. நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அத்தனை பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். ஜப்பான்காரன் லோரி கொண்டுவந்தான், பிடித்துக்கொண்டு போய்விட்டான். அதோடு முடிந்தது.

எங்கள் குழுவை நடத்தியவரை நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுவோம். வரலாறு படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மண்டபத்துப் பதிவைக் காதில் மாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"சரசக்கா, இதுல ஒருத்தர்கூட ஒரு ஜப்பான்காரன் மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு சொல்லலையே. தமிழ் தெரியாத ஒருத்தன் விடியக்காலையில தோட்டத்துக்குள்ள வாரான். எந்த லயத்துல எந்த வீட்டுல வேலைக்கி ஆகுற ஆம்பள இருக்கான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை போனபோது பேட்டி எடுக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒரு கிழவியோடு சேர்ந்து கழுவினேன். அவரிடம் கேட்டேன், அன்றைக்கு யாரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

"அந்தப் புள்ள வாழணும்ல?"

"எந்தப் புள்ள?"

"மண்டோரு கொள்ளுப்பேத்தி. அன்னைக்கி முன்னாடி செவப்புச் சட்ட போட்டுக்கிட்டு ஒருத்தரு ஒக்காந்திருந்தாரே, அவரு வீட்டு மருமவ. மாமனாரு முன்னுக்க ஒக்காந்துகிட்டு அவ கொள்ளுத் தாத்தன்தான் கூப்புட்டான்னு சொல்ல முடியுமாலா? நாளைக்கி அந்த வீட்டுல ஒரு சண்டன்னா அதையில்ல எடுத்து வீசுவாங்க."

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறவர். விடியற்காலையில் மணி அடிப்பார். எல்லோரும் ஓரிடத்தில் வந்து நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். சயாம் லோரி வந்த காலையிலும் மண்டோர் எப்போதும் போல் மணி அடித்திருக்கிறார். எல்லோரும் எப்போதும் போல் வந்து நின்றிருக்கிறார்கள். அவர் எப்போதும் போல் பெயர் கூப்பிட்டிருக்கிறார். பேர் கூப்பிடப்பட்டவர்கள் வேலைக்காட்டுக்குப் போகாமல் லோரியில் ஏறினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்து ஆட்களைச் சேர்த்துவைத்துக் கேட்டது எங்கள் பிழை. பொய் சொல்ல வேண்டுமென்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒரு பெண் நிம்மதியாக வாழட்டும் என்ற நல்லெண்ணம்தான் அந்த மண்டபத்தின் வாயைக் கட்டியது. ஒரு கூட்டம் ஒரே குரலில் பேசினால், அவர்கள் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு வீடு வீடாகப் போனோம். தனியாகக் கேட்டபோது எல்லோரும் மண்டோரைச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றையும் சொன்னார்கள். பின்னால் வந்த ஒரு லோரியில் அதே மண்டோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரும் திரும்பவில்லை.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. "மனுசனா அவன்? அரக்கன்" என்று டீச்சரிடம் சொன்னேன்.

"அரக்கன்னு எழுதிட்டா நம்ம வேல முடிஞ்சிருச்சிக்கா. அரக்கனப் பத்தி வெளங்கிக்க என்ன இருக்கு? அவன் அப்படித்தான் செய்வான்" என்றார். வெளிநாடுகளில் இனத்தையே அழித்த கொலைகளை ஆராய்கிறவர்களும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்பார்களாம். யூதர்களை ரயிலில் ஏற்றியவன், ருவாண்டாவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவன், முக்கால்வாசிப் பேர் சாதாரண ஆட்கள். குமாஸ்தா, டிரைவர், போலீஸ்காரன், அண்டைவீட்டுக்காரன். இவர்களுடைய கையில்லாமல் மேலே இருக்கிறவனால் அத்தனை பேரைக் கொல்ல முடியாது. "அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்காதீங்க. அந்தக் காலையில அவன் முன்னுக்க என்னென்ன வழி இருந்துச்சி, அதுல எத எடுத்தான், அதே எடத்துல நின்ன இன்னொருத்தன் எத எடுத்தான்? இத மட்டும் கேளுங்க."

எங்களோடு வந்த ஒரு மாணவன், சயாம் ரயிலும் இன அழிப்புதானே என்று கேட்டான். டீச்சர் உடனே ஆமாம் போடவில்லை. "ஒரு இனமே இருக்கக் கூடாதுன்னு கொண்டுபோறது ஒண்ணு. பாதை போட்டாவணும், இவன் செத்தா செத்துட்டுப் போறான்னு கொண்டுபோறது இன்னொண்ணு. செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுதுறவன் ரெண்டையும் ஒண்ணாக்கிரக் கூடாது" என்றார். பெரிய சொல்லைப் போட்டால் செத்தவர்களுக்கு மரியாதை செய்ததாகிவிடாது, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் மரியாதை என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இன்னொருவன் எதை எடுத்தான் என்பதற்கும் பதில் கிடைத்தது. நீலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த மண்டோருக்கும் முதல் நாளே கட்டளை வந்திருக்கிறது. அவர் தன் மனைவியைத் தண்ணீர்க் குழாயடிக்கு அனுப்பினார். நாளைக்குப் பெரட்டுக்கு வராதீர்கள் என்று அவள் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் காட்டுக்குள் போய்ப் பதுங்கினார்கள். ஆள் குறைந்ததற்காக அவரை அடித்த அடியில் ஒரு காது போயிற்று. உயிர் போகவில்லை. அவரைப் பற்றி நான் உருகி உருகிப் பேசினேன். டீச்சர் அதற்கும் விடவில்லை.

"குழாயடிக்கு வராத வீட்டுக்காரங்க என்னாக்கா ஆனாங்க?"

"லோரியில ஏறுனாங்க."

"யாரு மணி அடிச்சா?"

அவர்தான் அடித்திருந்தார். இவரை ஹீரோவாக்கி அவரை வில்லனாக்கினால் படம் எடுக்கலாம், வரலாறு எழுத முடியாது என்றார் டீச்சர். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. அதே கட்டளை, அதே துப்பாக்கி, அதே வேலை. வேறு மாதிரி நடக்கவும் இடம் இருந்திருக்கிறது, விலை கொடுத்தால். எங்கள் லாபு மண்டோருக்கு அது தெரியுமா? லோரி வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியுமா, இல்லை மணி அடித்த பிறகு கத்தியைக் காட்டினார்களா? அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். மண்டோரின் மகள் தனம் அக்கா, பெடாஸ் ஊரில்.

தனம் அக்காவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் மகளோடு இருந்தார். நான் கேட்டிலேயே நின்று நாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாயெல்லாம் இல்ல, உள்ளாற வா. நாய்க்கிப் பயந்துகிட்டு எப்படி ஊர் ஊரா சுத்துற? பசியாறிட்டியா?"

இரண்டு தரம் சும்மா போய்ப் பேசிவிட்டு வந்தேன். மூன்றாவது தரம் கருவியை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் எதுக்குப் பேசுறேன் தெரியுமா சரசு? லாபு படையல்ல எங்கப்பாவுக்கு எல போட மாட்டேங்குறானுங்க. அவரும் சயாம்லதான போனாரு? நான் கண்ண மூடுறதுக்குள்ள அங்க அவரு பேர ஒரு தரம் கூப்புடணும். நான் இருக்கோம்னு சொல்லணும். எங்கப்பாவ ஜப்பான்காரன் கத்தியக் காட்டித்தான் செய்ய வெச்சான்னு நீ பதிவு பண்ணு. மணியத்துக்கிட்டப் போட்டுக் காட்டு."

மணியம் என்பவர்தான் லாபுவில் படையலை எடுத்து நடத்துகிறவர். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். அவருடைய தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் அந்தக் காலை பெரட்டுக்குப் போய் லோரியில் ஏறியவர்கள்.

தனம் அக்கா சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஜப்பான்காரன் அப்பாவைக் கோயில் முன்னால் முட்டிபோட வைத்துக் கத்தியைக் காட்டியது, கன்னத்தில் அறைந்தது, அம்மா அன்று இரவெல்லாம் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம் அப்புறம் என்றுதான் கேட்டேன்.

"அப்புறமென்ன, மறுநா பொழுது சாய என்னயத் தோள்ல தூக்கி வெச்சிக்கிட்டாரு. அம்மா, சித்தப்பா ரெண்டு பேரு, எல்லாரும் தோட்டத்தோட அடுத்த டிவிசன்ல அத்த வீட்டுக்கு நடந்தோம். அத்த மரவள்ளிக் கெழங்கு அவிச்சிருந்தா. நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்கன்னு சித்தப்பாங்ககிட்ட சொல்லிட்டு அவரு மட்டும் திரும்பிப் போயிட்டாரு. மறுநா காலையிலதான்..."

நின்றுவிட்டார்.

நான் தலையைத் தூக்கவில்லை. என் முகத்தில் என்ன இருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. தனம் அக்கா அந்தக் கதையை எத்தனையோ தரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார், அப்பா தோளில் போன கதையாக. அடி வாங்கிய கதையையும் சொல்லியிருப்பார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னது அன்றைக்குத்தான். மண்டோர், வயசுப் பையன்களான தன் தம்பிகளை முதல் நாள் பொழுது சாயும்போதே அப்புறப்படுத்திவிட்டு, மறுநாள் காலையில் மற்றவர்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இத அழிச்சிரு" என்றார்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் பல குரல். நாங்கள் தேடிக்கொண்டிருந்த பதில் அது. அழித்தால் வேறு எங்கேயும் கிடைக்காது. செத்தவர்களுக்கு நான் செய்யும் துரோகமாகாதா? அழிக்கவில்லையென்றால், நம்பி வீட்டுக்குள் விட்ட மனுஷிக்குத் துரோகம். நியாயம் பேசி அவரைச் சம்மதிக்கவைக்கலாமா? அந்த நிலையில் இருக்கிறவரிடம் எதையும் பேசிச் சம்மதிக்கவைக்கலாம், அதனாலேயே கூடாது. நான் கருவியை நிறுத்தினேன்.

"அக்கா, இது ஒங்களோட பேச்சி. அழிக்கச் சொன்னா அழிச்சிருவேன். ஆனா இன்னைக்கி வேணாம். அடுத்த வாரம் வாரேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் இது கேக்காது. அப்பவும் அழின்னு சொன்னீங்கன்னா ஒங்க கையாலயே அழிங்க."

அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கேட்டைத் திறந்துவிடவும் வரவில்லை.

டீச்சரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். ஒரு முக்கியமான பதிவு இருக்கிறது, ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று உங்களிடமும் சொல்ல முடியாது என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே. "சரிக்கா. அது ஒங்க முடிவும் இல்ல, என் முடிவும் இல்ல. அந்தம்மா முடிவு. காத்திருங்க" என்றார். என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வரலாற்று ஆசிரியருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மணியம் அப்படி விடுகிற ஆளில்லை. பெடாஸ் போய்வந்த செய்தி எனக்கு முன்னால் லாபு போய்ச் சேர்ந்திருந்தது. என் வீட்டு வாசலில் ஸ்கூல் பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்தினார்.

"அக்கா, அந்தக் கெழவி என்னா சொல்லிச்சி?"

"தம்பி, ஒங்க வீட்டுல நீங்க சொன்னத நான் அவங்ககிட்டப் போய்ச் சொன்னேனா?"

"அது வேற, இது வேற."

"எனக்கு எல்லாம் ஒரே வேலதான்."

"நல்லாருக்கு ஒங்க வேல! எங்க தாத்தாவ அனுப்பிவெச்சவன் வீட்டுல ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கீங்க. எதுக்கு? அந்தாளுக்கு ஞாயம் பேசவா?"

"ஞாயம் பேச இல்ல. என்னா நடந்துச்சின்னு கேக்க."

"கேட்டு? வெளங்கிக்கிட்டா மன்னிச்சிரணுமா? இந்த ஆடிக்கு அந்தக் கெழவி எல கொண்டாந்துச்சின்னா எடுத்து வீசிருவேன். சொல்லிருங்க."

நான் ஒன்று சொன்னேன், வாய் தானாகச் சொன்னது. "தம்பி, மன்னிக்கிறது ஒங்க சொத்து. அதுல நான் கை வைக்க மாட்டேன். வெளங்கிக்கிறது என் வேல. அதுல நீங்க கை வைக்காதீங்க." பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க வாசல் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். இருந்தாலும் அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கவில்லை. உங்களிடமும் இந்தக் கேள்வி வரும். செத்தவர் வீட்டிலிருந்துதான் வரும். கோபப்படாதீர்கள், அவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. வேலையையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த வாரம் பெடாஸ் போனேன். தனம் அக்கா கேட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. கருவியை அவர் மடியில் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் அழியும் என்று காட்டினேன்.

அவர் அழுத்தவில்லை. "எங்கப்பா கெட்டவரா? நீ நெறையப் பேருகிட்டக் கேட்டிருக்க. சொல்லு."

"தெரியலக்கா. அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியுது."

"அடி வாங்குனதும் நெசந்தான்?"

"நெசந்தாங்க்கா. அதுவும் இதுலயே இருக்கு."

"ஒண்ண மட்டும் வெச்சிக்க முடியாதா?"

"ஒண்ண மட்டும் வெச்சா அது ஒங்கப்பா இல்லக்கா. வேற யாரோ."

வெகு நேரம் கருவியையே தடவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கி அந்தத் தோளு எவ்ளோ ஒசரமா இருந்துச்சி தெரியுமா" என்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கருவியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும். அழிக்காத. கேக்குறவங்க கேக்கட்டும்." பிறகு கேட்டார். "லாபு படையல்ல கூப்புட ஆளில்லாத பேரு இருக்குல்ல? குடும்பத்தோட போனவங்க. எதெது?"

எனக்குப் பதிவுகளிலிருந்து தெரிந்தவற்றைச் சொன்னேன். சிலரை அவருக்கே ஞாபகம் இருந்தது. கோணக்கழுத்து ராமன் தன்னை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவான் என்றார். ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தப் பதிவு இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. கத்தியும் அதில் இருக்கிறது, தோளும் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் அதைக் கேட்டு எழுதும்போது ஏதாவது ஒன்றை வெட்டத் தோன்றும். இரக்கம் வந்தால் தோளை வெட்டத் தோன்றும், கோபம் வந்தால் கத்தியை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். அடி வாங்கிப் பயந்த ஒருவர், தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்ற வீடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனையும் ஒரே ஆள் செய்தது. இதைச் சேர்த்து எழுத முடிகிற வரைக்கும் நாம் ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆடி அமாவாசை வந்தது. மரத்தடியில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, ஒரு போத்தல் கள். மணியம் முன்னால் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டிலிருந்து "இருக்கோம்" என்று வரும், தண்ணீர் விழும். பெயர்கள் முடியப்போகும் நேரத்தில் தன் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு தனம் அக்கா வந்தார். கையில் ஒரு சுருட்டிய வாழையிலை.

எல்லோரும் அந்த இலையைத்தான் பார்த்தார்கள். பேத்தியின் மாமனார், அன்று மண்டபத்தில் சிவப்புச் சட்டை போட்டிருந்தவர், எழுந்து நின்றுவிட்டார். மணியம் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார். என் பைக்குள் இரண்டு கருவியும் இருந்தன. நான் எடுக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

"மணியம், இது எங்கப்பாவுக்கு இல்ல" என்றார் தனம் அக்கா. மூச்சு வாங்கியது. "அவருக்குத் தெரியும். லோரி வருதுன்னு தெரியும். எங்கள எல்லாம் கொண்டுபோயி அத்த வீட்டுல விட்டுட்டுத்தான் வந்து மணி அடிச்சாரு. எங்க சித்தப்பாங்க கல்யாணம் காச்சி பாத்தாங்க. ஒந் தாத்தன் போயிட்டாரு. நான் இத இத்தன நாளா ரெண்டு கதையா வெச்சிருந்தேன்."

அவர் குனிந்து, வரிசையின் கடைசியில் இலையை விரித்தார். பேத்தி சோறு வைத்தாள்.

"வீட்டுல ஆளில்லாதவங்க இருக்காங்கல்ல. எங்கப்பா கூப்புட்டாரு, அவரு பேச்ச நம்பி வந்து நின்னாங்க. அவங்கள இன்னைக்கி நான் கூப்புடுறேன். எங்கப்பா பேர யாரும் கூப்புட வேணாம்."

"ஆகாது தனம்மா" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "கூப்புட்டு பதில் வரலன்னா ஆகாது."

தனம் அக்கா கேட்கவில்லை. நிமிர்ந்து நின்றார். மண்டோரின் மகள் அல்லவா, குரல் செம்பனைக்குள் போய்த் திரும்பியது.

"கோணக்கழுத்து ராமன்!"

ஒரு சத்தமும் இல்லை. இலையில் ஈ வந்து உட்கார்ந்தது. பேத்தி தரையைப் பார்த்தாள். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தனம் அக்கா இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தார்.

மணியம் செம்பை எடுத்தார். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தனம் அக்காவைப் பார்க்கவும் இல்லை. நேரே போய் அந்தக் கடைசி இலைக்கு முன்னால் நின்று தண்ணீர் விட்டார்.

"இருக்கோம்" என்றார்.

தனம் அக்கா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இந்த முறை இரண்டு மூன்று வீடுகளிலிருந்து பதில் வந்தது.